ஹர்டில்ல அனுபவம் உள்ள பையன்

ஏலே பேராண்டி, ஒரு மாட்டு லோன் வாங்குததுக்குள்ள எத்தன 'ஹர்டில்' சொல்லிட்ட! காப்பி குடிக்கையில மூணு, சாயந்திரம் நாலு. ஊருலதான் மழை இல்ல, ஒன் வாயில ஹர்டில் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது.

அது என்னன்னு தெரியுமாலே? படல். கிடை போட கீதாரி தூக்கிட்டு வருவாருல்லா, அதேதான். இங்கிலாந்துக்காரனும் வில்லோ மிலாறை வளைச்சுப் பின்னி, வயக்காட்டுல நட்டு, ராத்திரி ஆட்டை அடைச்சு எருப் போட வச்சிருக்கான். விடிஞ்சதும் பிடுங்கி அடுத்த துண்டுல நடுவான். பழைய இங்கிலீஷ்ல அதுக்கு 'ஹிர்டெல்'னு பேரு. ஆட்டுக்குத்தாம்லே அது தடை.

ஆளுக்கும் ஒரு உபயோகம் இருந்துது, பயந்துராத. ராஜத்துரோகியைப் படல்ல கிடத்திக் கட்டி, குதிரையை விட்டு இழுத்துட்டுப் போயிதான் தண்டனையை நிறைவேத்துவான். 1606ல கை ஃபாக்ஸ் லண்டன் கோட்டையில இருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்கு அப்படித்தான் போனான். அவன் 'ஹர்டில்'னு பொலம்பியிருந்தா நியாயம். ஒங்கிட்ட பேங்க்ல கேட்டது ஒரு சிட்டா நகல்.

பந்தயமெல்லாம் பொறவு வந்ததுதான். மொதல்ல தரையில அறைஞ்ச படலைத்தான் தாண்டினானுவ. இடிச்சா முட்டி பேந்துரும். இப்ப உள்ளது கால் பட்டாலே சாயும். சாஞ்சதுக்காக மட்டும் ஓடுதவனைப் பொதுவா வெளிய அனுப்பவும் மாட்டான். டிரில் வாத்தியாரா சுண்ணாம்புக் கோடு போட்டவன் சொல்லுதேன், கேட்டுக்கோ: ஆம்பளைங்க 110 மீட்டருக்குப் பத்துப் படல், ஒவ்வொண்ணும் 1.067 மீட்டர் ஒசரம். மொதப் படல் எங்க நிக்கும்? பொறப்படுத கோட்டுல இருந்து 13.72 மீட்டர் தள்ளி! நீ இன்னும் கோட்டுக்கே வரல, வீட்டுல நிக்கர் மாட்டிக்கிட்டே பத்தையும் எண்ணுத.

1984ல லாஸ் ஏஞ்சலஸ்ல நம்ம பி.டி.உஷா 400 மீட்டர் ஹர்டில்ல பத்தையும் தாண்டிட்டாவ. வெண்கலம் போனது நொடியில நூறுல ஒரு பங்குல, கடைசிக் கோட்டுல. படல் மேல பழி போட முடியுமா?

அது கெடக்கட்டும். சிட்டாவை ஆன்லைன்லயே எடுக்கலாம்னு ஒன் தங்கச்சி சொல்லுதா. செல்போன் ஒன் கையிலதான் இருக்கு, தூங்கையிலயும். நாளைக்கு நம்ம காட்டுல கிடை போட கீதாரி வாராரு. படல் தூக்க ஆள் பத்தலையாம். ஒன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன், ஹர்டில்ல நல்ல அனுபவம் உள்ள பையன்னு.