சுறாவுக்கு வாய்க்கட்டு

கல்பிட்டியில் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதில் பெரிய சிக்கல் வௌவால் எச்சம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட இந்தப் பாத்திரமேற்று ஆடும் கற்பனை ஆட்டத்தில், மந்திரவாதி தீயுருண்டை எறிய வேண்டுமென்றால் வௌவால் எச்சமும் கந்தகமும் கைவசம் இருக்க வேண்டுமாம். "அதோட ஊட்டுக்குள்ள வராதீங்க" என்று உம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

1986இல் வந்த கர்ப்ஸ் என்ற இதே வகை ஆட்டத்தில் மந்திரத்தையே தனியாகக் கழற்றி வைக்கலாம், முச்சக்கர வண்டி எஞ்சின் மாதிரி. அந்தத் தைரியத்தில் டன்ஜன்ஸ் மந்திரத்தை நானும் கழற்றினேன். கழற்றிய இடத்தில் கடல்கட்டியைப் பூட்டினேன்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்கும்போது சுறாவின் வாயைக் கட்டியவர்தான் கடல்கட்டி. ஆங்கிலேய அரசே கூலி கொடுத்து வைத்திருந்தது. அதற்கும் வெகு முன்பே மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பதைப் பாருங்கள்: மந்திரக்காரருக்குக் கூலி, எடுத்ததில் இருபதில் ஒன்று. கட்டு பகலுக்கு மட்டும். இரவில் அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுக் குளிப்பு நடக்கக் கூடாதல்லவா. இத்தனை கச்சிதமான விதியை எந்த அமெரிக்கக் கம்பனி எழுதியது? போதாததற்கு ஆட்டத்தின் தாயக்கட்டைக்கும் இருபது முகம்! சிப்பிக்கு ஒருமுறை உருட்டு. இருபது விழுந்தால் முத்து கடல்கட்டிக்கு.

வித்தை பரம்பரைச் சொத்து, மதம் தடையில்லை என்கிறார் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட். அவர் காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர்.

"அப்ப நான்தான் கடல்கட்டி" என்றான் மூத்த மருமகன்.

"எங்கட பரம்பரையில ஆரு கடலக் கட்டின? ஒங்கட வாப்பா கட்டின வலையே பிஞ்சி போச்சி" என்றார் உம்மா.

பகல் எப்போது முடிகிறது என்பதில்தான் சண்டை. மஃரிப் பாங்கோடு கட்டு அவிழும் என்று தீர்ப்புச் சொன்னேன். எந்தக் கதவைத் திறப்பது என்று அரை மணி நேரம் ஆலோசிக்கிற பயல்கள், அஸர் தொழுத கையோடு தோணியில் ஏறிவிட்டார்கள்.

சின்னவன் கடலடியில் இருக்கும்போதே பாங்கு கேட்டது. "என்ட போன்ல இன்னும் ரெண்டு நிமிசம் இரிக்கி மாமா!" என்று கத்தினான். சுறா எந்தப் போனைப் பார்க்கும்? நான் தாயக்கட்டையை எடுத்தேன். கயிற்றைப் பிடித்திருந்த கடல்கட்டி மேலேயிருந்து கேட்டான்: "தம்பி, பையில எத்தின சிப்பி?"