ஐந்து வாங்கினால் ஃபெயில்

எங்கள் கம்பெனியில் யாருடைய மின்னஞ்சல் படிக்கச் சகிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. குப்பை மெயிலை வடிகட்டும் ஸ்பாம்அசாசின் மென்பொருள் சொல்லிவிட்டது. அதற்கென்ன, அது இன்க்ரிமென்ட்டை எதிர்பார்த்தா இருக்கிறது?

கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்கிற கம்பெனி. மெயிலுக்கு இரண்டு சர்வர். ஒன்று படுத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். எதுவும் நிற்காமல் வந்து சேர்ந்தது, குப்பை உட்பட. லாட்டரிப் பரிசு, லேகிய விளம்பரம், கணவர் விட்டுப்போன கோடிகளை யாரிடமாவது ஒப்படைக்கத் தவிக்கும் சீமாட்டி என்று இரவு பகல் பாராமல் வரத்து. "வடிகட்டி ஒண்ணு போட்டுருங்க தம்பி, செலவில்லாம" என்றார் ஜி.எம். ஸ்பாம்அசாசின் இலவசம்.

அது ஒவ்வொரு கடிதத்தையும் நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்து மதிப்பெண் போடும். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தா, போடு. உள்ளே எழுத்தே இல்லாமல் படம் மட்டுமா, இன்னும் கொஞ்சம் போடு. மொத்தம் 5 ஆனால் ஸ்பாம். எங்கள் ஜி.எம். தலைப்பில் 'அர்ஜென்ட்!!! பேமென்ட்!!!' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அலறுவார்; உள்ளே ஸ்கேன் செய்த ஒரு படம், அதுவும் தலைகீழாக. முதல் நாளே 7 வாங்கினார். அன்றைக்கே சீமாட்டி, பணிவான நடையில், இலக்கணப் பிழையில்லாமல் எழுதி, மூன்றைக்கூடத் தொடாமல் உள்ளே போய்விட்டாள்.

ஸ்பாம்அசாசினுக்கும் கிறுக்கு உண்டு. 2010 என்றால் ரொம்பத் தொலைவான எதிர்காலம் என்று நினைக்கிற விதி ஒன்று அதற்குள் இருந்தது. 2010 ஜனவரி 1 பிறந்ததும், புத்தாண்டு வாழ்த்து அனுப்பியவர்களுக்கெல்லாம் உலகெங்கும் அபராத மதிப்பெண் விழுந்தது.

அடுத்து நான் போட்டது கிரேலிஸ்டிங், 2003-ல் இவான் ஹாரிஸ் என்பவர் முன்வைத்த யோசனை. முன்பின் தெரியாத இடத்திலிருந்து கடிதம் வந்தால், 451 என்ற எண்ணைச் சொல்லி 'இப்போது முடியாது, அப்புறம் வா' என்று திருப்பிவிட வேண்டும். ஒழுங்கான சர்வர் பொறுத்திருந்து மறுபடி வரும். லட்சக்கணக்கில் வீசியெறிகிற ஸ்பாம்காரனுக்குப் பெரும்பாலும் அந்தப் பொறுமை கிடையாது. நம் தாலுகா ஆபீஸ் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது என்பது வேறு விஷயம். சிக்கல், சர்வர் இரண்டு என்பதால் எங்களுக்குக் கவுன்டரும் இரண்டு, வந்தவர் பெயரை எழுதிவைக்கும் நோட்டும் இரண்டு. முதலாவதில் 'அப்புறம் வாங்க' கேட்டுப் போனவர், ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவதில் வந்து நிற்பார். அந்த நோட்டில் அவர் பெயரே இருக்காது. 'புதுசுங்களா? அப்புறம் வாங்க.' பெரிய மெயில் கம்பெனிகள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஐ.பி. முகவரியிலிருந்து வருவார்கள், இரண்டு கவுன்டரிலும் என்றென்றைக்கும் புது ஆள்தான். பொள்ளாச்சி டீலர் காலையில் அனுப்பிய ஆர்டர் சாயங்காலம் வந்தது. "பஸ் ஏறி வந்து கையிலயே குடுத்திருப்பனுங்க" என்றார். இரண்டு சர்வருக்கும் ஒரே டேட்டாபேஸ், பெரிய இடங்களுக்கு விதிவிலக்கு என்று ஆனபிறகுதான் கூட்டம் நகர்ந்தது.

பேய்ஸ் என்றொரு இங்கிலாந்துப் பாதிரியார் 1761-ல் காலமானார். அவருடைய நிகழ்தகவுக் கட்டுரையை நண்பர் ஒருவர் 1763-ல் வெளிக்கொண்டு வந்தார். ஸ்பாம்அசாசின் நம் கடிதங்களைப் பார்த்துப் பாடம் படிப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான். நல்லதில் 200, கெட்டதில் 200 காட்டினால்தான் வாயைத் திறக்கும். "வேண்டாத மெயிலைக் குப்பை ஃபோல்டரில் போடுங்கள்" என்று எல்லோருக்கும் சொன்னேன். வேண்டாததைத்தான் போட்டார்கள்: எச்.ஆர். சர்க்குலர், ஐ.எஸ்.ஓ. ஆடிட் நினைவூட்டல், ஜி.எம்.மின் திங்கட்கிழமை மீட்டிங் அழைப்பு. இரண்டு சர்வரும் தனித்தனியாகப் படித்ததால், அழைப்பு ஒன்றின் வழியாகப் போனால் ஹால் நிறையும். மற்றதன் வழியாகப் போனால் ஜி.எம். தனியாக உட்கார்ந்திருப்பார். அந்தப் படிப்பையும் ஒரே டேட்டாபேஸுக்குக் கொண்டுவந்தேன். ஒற்றுமை வந்தது. எதன் வழியாகப் போனாலும் யாரும் வரவில்லை.

"என் மெயிலை என் கம்பெனியிலேயே நிறுத்துவீங்களா? என் பேரைப் பார்த்தா கேள்வி கேக்காம உள்ள விடோணும்" என்று உத்தரவு வந்தது. அனுப்புநர் இடத்தில் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எழுதிக்கொள்ளலாம், வெறும் பெயரை நம்பக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். "போடுங்க தம்பி" என்றார். ஒயிட்லிஸ்ட்டில் ஏறியவருக்கு மைனஸ் 100. இனி அவர் என்ன அலறினாலும் ஐந்தை எட்ட முடியாது.

கொஞ்ச நாளில் அக்கவுன்ட்ஸ் மேடத்துக்கு ஜி.எம். பெயரில் ஒரு கடிதம் வந்தது. வணக்கம் சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, ஒரு வங்கிக் கணக்குக்கு அவசரமாகப் பணம் அனுப்ப முடியுமா என்று விசாரித்து, மிக்க நன்றியுடன் முடிந்திருந்தது. இரண்டு சர்வரும் எழுந்து நின்று வழிவிட்டிருந்தன. மேடம் எனக்குப் போன் பண்ணினார்.

"தம்பி, இது சார் அனுப்புனது இல்லீங்க."

"எப்படிங்க மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"நன்றின்னு போட்டிருக்குதுங்க."