பேர்தான் தார்ச் சாலை!

கேள்வி: எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதைக்கு இப்போதுதான் தார் போட்டார்கள். அந்தத் தாரில் என்னதான் இருக்கிறது?
– வாசகி, புக்கிட் ரோத்தான்

பதில்: பேர்தான் தார்ச் சாலை, உள்ளே இருப்பதெல்லாம் கல்! எடையில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு ஜல்லி, மணல், கல்தூள். மிச்சம் 5 பங்குதான் அந்தக் கறுப்புப் பசை. அதுவும் தார் அல்ல. தார் நிலக்கரியிலிருந்து வருவது. இது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமென்.

சாலையோரம் பெயர்ந்து கிடக்கும் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடலை உருண்டையேதான்! கல்தான் கடலை, பிட்டுமென்தான் பாகு. சுமார் 150 டிகிரி சூட்டில் இரண்டையும் கலந்து, ஆறுவதற்குள் பரப்பி உருளையால் அழுத்துவார்கள். பதம் தப்பினால் உருண்டை உதிரும், சாலையும் அப்படித்தான்.

இன்னொரு செய்தி. மலேசியாவில் சில சாலைகளில் இந்தப் பாகோடு ரப்பரும் சேர்கிறது. ரப்பர் மரத்து மங்கில் உறைந்த கட்டிப்பாலைப் பிட்டுமெனில் கலக்கும் முறையை மலேசிய ரப்பர் வாரியம் முன்னெடுத்தது. லாரிச் சுமையில் சாலை குழியாமலும் வெடிக்காமலும் தாங்க அது துணை நிற்கிறது.

பத்தாங் பெர்ஜுந்தையிலும் ஈஜோக்கிலும் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் வெட்டியது போன்ற பால்தான் இன்று சில சாலைகளையும் தாங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.