காற்றின் மேல் ஓர் எஃப்.ஐ.ஆர்.

புயல் கடந்த மறுநாள் சென்னையில் என்ன நடக்கும் என்பது நமக்கு மனப்பாடம். மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல். மஞ்சள் ஜே.சி.பி. மழைக்கோட்டு மாட்டிய அமைச்சர். கிடக்கும் மரத்தைக் கைநீட்டிக் காட்டியபடி ஒரு படம். ‘போர்க்கால அடிப்படையில்’ என்று தொடங்கும் ஓர் அறிக்கை. நின்றபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் விழுந்ததும் வந்துவிடுகிறார்கள். விசாரணையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. குற்றவாளி: காற்று. சாட்சி: வானிலை ஆய்வு மையம். தீர்ப்பு: இயற்கைச் சீற்றம்.

காற்றுக்கு வக்கீல் கிடையாது. நாம்தான் வாதாட வேண்டும்.

2016 டிசம்பர் 12, வார்தா புயல். ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிண்டி தேசியப் பூங்கா, வண்டலூர் உயிரியல் பூங்கா, அடையாறு பிரம்மஞான சபை, ஐ.ஐ.டி. வளாகம் எல்லாம் கலைந்து கிடந்தன. மொத்தம் எத்தனை மரம் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். சொல்லத்தானே செய்வார்கள்? நின்றபோது எண்ணியிருந்தால்தானே விழுந்தபோது கணக்கு வரும்.

அதை விடுங்கள். தெருவில் விழுந்த மரங்களின் அடியை யாராவது குனிந்து பார்த்தார்களா? வானளாவிய மரம், அதற்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வேர். அதோடு பெயர்ந்து வந்த சிமென்ட் பாளம். நடுவே ஒரு கேபிள். குற்றம் நடந்த இடத்தில் இத்தனை தடயம் கிடந்தும் போலீஸ் காற்றைத் தேடிக் கடலுக்குப் போனது.

உண்மைக் குற்றவாளிகள் ஆண்டு முழுக்க, பட்டப்பகலில், டெண்டர் எடுத்து வேலை பார்த்தவர்கள்.

முதல் எதிரி நடைபாதை. ஒரு மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்தான் ஓடுகின்றன. அவற்றுக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். நம் ஒப்பந்ததாரர் பேவர் பிளாக்கை அடிமரம் வரை கொண்டுபோய் ஒட்டி, இடுக்கில் சிமென்ட் பூசிவிட்டுத்தான் பில் போடுவார். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை விட்டு வையுங்கள் என்று டெல்லிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே உத்தரவு போட்டது. ஒரு மீட்டர் மண் விட்டால் ஒரு மீட்டர் பேவர் பிளாக்குக்குப் பணம் குறையும். டெல்லியிலிருந்து உத்தரவு வந்து சேராததற்குத் தூரம் காரணமில்லை.

இரண்டாவது எதிரி பள்ளம். குடிநீர் வாரியம் தோண்டும். கேபிள்காரர் தோண்டுவார். மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சியே தோண்டும். குறுக்கே வரும் வேரை மண்வெட்டிக்கும் ஜே.சி.பி.க்கும் தெரியாது, தெரிய வேண்டியவர் ஜீப்பை விட்டு இறங்குவதில்லை. 2022 ஜூன் 24, கே.கே. நகர். புயல் இல்லை. சாலையோர மரம் ஒன்று காரின் மேல் சாய்ந்தது. உள்ளே இருந்த ஒரு பெண் இறந்தார். அருகில் வடிகால் வேலை. வேலை காரணமல்ல என்றது மாநகராட்சி. சரி, அப்படியே இருக்கட்டும். வேறு எதுதான் காரணம்? அந்த மரம் கடைசியாக என்று பரிசோதிக்கப்பட்டது? கேட்டுப் பாருங்கள். தேதி சொல்ல ஆள் இருந்தால் நம் பக்கம் ஒரு மாலை தயார்.

மூன்றாவது எதிரி ஈ.பி. பருவமழைக்கு முன்னால் கம்பிப் பக்கம் நீட்டிய கிளைகளை மட்டும் வெட்டித் தள்ளுவார்கள். எதிர்ப்பக்கம் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் பாரம். அது எந்தப் பக்கம் விழும் என்று அறிய விண்வெளி ஆய்வு மையம் தேவையில்லை. சில இடங்களில் தலையையே சீவிவிடுவார்கள். சீவிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் கிடையாது. அடுத்த காற்றில் அவைதான் முதலில் ஒடியும்.

நான்காவது எதிரி ஆணி. மரத்தில் விளம்பரப் பலகை அடித்தால் 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்று சென்னை மாநகராட்சி 2019இல் எச்சரித்தது. அப்படி உள்ளே போன ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? டியூஷன் சென்டர் முதல் தலைவர் பிறந்தநாள் வரை எல்லாப் பலகையும் மரத்தில்தான் தொங்குகிறது. அந்தத் தலைவர் அன்று காலைதான் கன்று நட்டிருப்பார்.

ஐந்தாவது எதிரியின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நாம்தான். சருகு விழுகிறது என்று வேம்பை வெட்டுகிறோம். முற்றத்தை டைல்ஸ் போட்டு மூடுகிறோம். பிறகு காரை நிறுத்த நிழல் தேடித் தெருத்தெருவாக அலைகிறோம்.

இத்தனை பேரையும் தப்பவிட ஒரு வசதியான வாதம் இருக்கிறது. விழுந்ததெல்லாம் அயல்நாட்டு மரமாம். மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை, தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி. கடற்கரைக்குப் புன்னை, பூவரசு, புங்கம், வேம்பு ஏற்றவை என்பது உண்மைதான், வைக்கட்டும். ஆனால் சிங்கப்பூரின் பெருஞ்சாலைகளில் குடை விரித்து நிற்பது அதே தூங்குமூஞ்சிதானே? அங்கே வங்கக்கடல் புயல் வராதுதான். சுமத்ரா சூறைக்காற்று வரும். அந்த மரங்களை முறை வைத்துப் பரிசோதிக்கிறார்கள். தலைப்பாரத்தை முன்கூட்டியே குறைக்கிறார்கள். அதைப் படித்தவரிடம் வேலையைக் கொடுக்கிறார்கள். இங்கே அதே மரத்துக்கு ஓர் அரிவாள் கிடைக்கிறது. செத்த பிறகு வெளிநாட்டான் என்ற பட்டமும் கிடைக்கிறது.

அரசாங்கத்துக்கு மரத்தின் மேல் அன்பே இல்லை என்று சொன்னால் அபாண்டம். நடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. வார்தா அடித்து இரண்டரை மாதம் ஆகவில்லை; 2017 பிப்ரவரி 24இல், மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் 69ஆவது பிறந்தநாளுக்கு 69 லட்சம் கன்று நடும் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் 64ஆவது பிறந்தநாளுக்கு 64 லட்சம். என்ன ஒரு வன விஞ்ஞானம்! தலைவருக்கு வயது பத்து குறைந்திருந்தால் நாட்டுக்குப் பத்து லட்சம் மரம் நஷ்டம். ஆட்சி மாறியது. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்தது. இலக்கு, மாநிலப் பரப்பில் 33 சதவீதம் காடும் மரமும். பழைய கன்றுகள் எங்கே என்று புதியவர்கள் கேட்கவில்லை. நாளைக்கு வருபவர்கள் தங்களையும் கேட்டுவிடக் கூடாதே.

எல்லை தாண்டினால் ஞானம் கிடைக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள்.  வங்கக்கடலில் புயல் சின்னம் என்றால் பக்கத்து ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதிப் பக்கமும் வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீர், நிலம், மரம் மூன்றுக்கும் சேர்த்து 2002இல் ஒரே சட்டம் போட்ட மாநிலம் ஆந்திரம். அங்கே சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்தபோது, 2016 ஜூலை 29இல், ‘வனம் மனம்’ என்று ஒரே நாளில் ஒரு கோடி கன்று நட இலக்கு வைத்தார்கள். ஒரே நாள். மறுநாள் தண்ணீர் ஊற்ற யார் வந்தார்கள் என்று எந்த விளம்பரத்திலும் போடவில்லை.

மொழி வேறு, கட்சி வேறு, கணக்கு ஒன்றுதான். நடும்போது ஓர் எண். விழும்போது ஓர் எண். நடுவில் அந்த மரம் நாற்பது ஆண்டு நிற்கிறதே, அதற்கு ஒரு பத்தி கிடையாது. 2018இல் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்த பிறகு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்றார்கள். அதில் 500 வெட்டி அகற்ற. ஆக மரத்துக்கு 600. நிற்கும் மரத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத நாட்டில், விழுந்த தென்னைக்காவது ஒரு விலை இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது ராக்கெட் விடும் வேலை இல்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணைத் திறந்து விடுங்கள். அக்டோபருக்கு முன்னால் தலையை எல்லாப் பக்கமும் சமமாகக் கலைத்து, காற்று ஊடே போக வழி செய்யுங்கள். கிளையை, அது தண்டோடு சேரும் கழுத்தை ஒட்டி அறுங்கள், முண்டு விடாதீர்கள். பள்ளம் தோண்டும் முன் மரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். சாய்ந்த இளமரத்தை அறுக்காமல் நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள். தெருவுக்கு ஒரு பதிவேடு வையுங்கள்.

இதில் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை. அதனால்தான் நடக்கவில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. கன்று நட்ட அமைச்சரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. குழி வெட்டிய ஒப்பந்ததாரரின் பெயர் கோப்பில் இருக்கிறது. இந்தத் தெருவின் மரங்களைக் காக்கும் பொறுப்பு இன்னாருடையது என்று ஓர் அதிகாரியின் பெயரையும் பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். அடுத்த மரம் விழும்போது காற்றைக் கைது செய்யாமல் நேராக அவரிடம் போகிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அந்தப் பலகையையும் மரத்தில் ஆணியடித்து மாட்டிவிடாதீர்கள்.