சுறுசுறுப்பான இலாகா

சராசரி மனிதனின் மேல்தோல் தன்னை முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். என் தோல் அதே வேலையை மூன்று நான்கு நாளில் முடித்துவிடுகிறது. ஒரு ஃபைலை இந்த மேசையிலிருந்து பக்கத்து மேசைக்கு நகர்த்த ஒரு மழைக்காலம் முழுவதும் எடுத்துக்கொள்கிற என் உடம்பில், இப்படி ஓர் இலாகா ராப்பகலாக ஓவர்டைம் பார்க்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சொரியாசிஸ் என்றார் டாக்டர். உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் எதிரியே இல்லாத இடத்தில் முரசு கொட்டுகின்றன. பதறிய தோல் செல்கள் முதிரும் முன்பே மேலேறிவந்து வெள்ளைச் செதில்களாக உதிர்கின்றன. முழங்கை, முழங்கால், தலை, அப்புறம் அரைஞாண் கயிறு உரசுகிற இடுப்பு.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்று டாக்டர் கேட்டிருக்க வேண்டாம். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டாம். "எங்க பக்கம் யாருக்கும் கிடையாது" என்று என் மனைவி சொல்லி முடிக்கும் முன்பே, "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லை" என்றாள் அம்மா. நான் எந்த வம்சம் என்பது இன்றுவரை தீரவில்லை.

உதிர்வதை யார் பெருக்குவது என்கிற இடத்தில் நோய் மருத்துவத்தை விட்டுக் குடித்தனத்துக்கு வந்துவிட்டது. நான் எழுந்த நாற்காலியைத் தட்டாமல் யாரும் உட்காருவதில்லை. அலமாரியிலிருந்த கறுப்புச் சட்டைகள் மச்சானுக்குப் போய்விட்டன. "அப்பா எங்கெங்க உட்கார்ந்தார்னு கண்டுபிடிக்க நாய் வேண்டாம்மா" என்கிறான் மகன். பையன் படிப்பைத் தவிர எல்லாவற்றிலும் கெட்டிக்காரன்.

அப்புறம் யோசனைகள். கத்தரிக்காய் கரப்பான், கருவாடு கரப்பான் என்று ஒவ்வொருவராக வந்து என் இலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பிடிக்காத பாகற்காயை மட்டும் ஏனோ யாரும் தடைசெய்யவில்லை. அம்மா என்னை வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் குளத்தில் வெல்லம் கரைக்க வைத்தாள். மாமனார் வெட்பாலைத் தைலம் கொண்டுவந்தார். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் அழகான ஊதா நிறத்துக்கு மாறும். தலையணை உறையும் மாறும். சித்த மருத்துவர்கள் காலங்காலமாக இதைத் தருகிறார்கள், எனக்கு அரிப்பும் கொஞ்சம் அடங்கியது. ஆனால் ஊதாத் தலையோடு நான் காபி கேட்டுச் சமையலறைக்குள் நுழைந்த காலையில் வேலைக்கார அம்மா கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டார்.

வெயிலும் நல்லது என்று கேள்விப்பட்டேன். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக்குக்கும் இதே நோய். வெயிலில் கிடப்பதற்கு வசதியாகக் கடற்கரை உள்ள ஊரில் குடியேறினார். எனக்கு வாய்த்தது மொட்டைமாடி. துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன். வடகம் காயவைக்க வந்த எதிர்வீட்டு மாமி என்னையும் வடகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வடகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டாலும், ஒரே டம்ளரில் குடித்தாலும், ஒரே பாயில் படுத்தாலும் வராது. ஒருகாலத்தில் மருத்துவர்களே இதைத் தொழுநோயோடு போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். அது வேறு, இது வேறு என்று 1841ல் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அந்தச் சேதி எங்கள் தெரு சலூனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. "சார், உங்களுக்குன்னு ஒரு சீப்பு வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றார் கடைக்காரர், மிகுந்த மரியாதையோடு. வாங்கிக்கொண்டு போனேன். தொப்பையும் வழுக்கையும் சேர்ந்துவிட்ட என்னை யார் என்ன நினைத்தால் என்ன? கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் முழங்கையில் இதே திட்டு இருந்தால் ஜாதகம் திரும்பி வந்துவிடுகிறது. அவள் சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு திரிகிறாள். அதை வைத்துச் சிரிப்புக் கட்டுரை எழுத என்னால் ஆகாது.

எனக்கு நோய் தந்த ஒரே லாபம், "டென்ஷன் ஆனா அதிகமாகும்" என்று டாக்டர் வாய்தவறிச் சொன்ன வாக்கியம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டமாக்கினேன். கேஸ் புக் செய்தீர்களா, கரண்ட் பில் கட்டினீர்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் முழங்கையை உயர்த்திக் காட்டினால் போதும். மச்சினிச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகாமல் தப்பித்ததுகூட அப்படித்தான்.

என் மனைவி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை டாக்டரிடம் கூடவே வந்தாள். என் விரல் நகங்களில் குண்டூசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதையும், காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க வெகுநேரம் ஆவதையும் அவள்தான் சொன்னாள். பால் கவரை வெட்டச் சொன்னால் நான் காட்டுகிற சோம்பேறித்தனம் என்று முதலில் நினைத்தாளாம். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நோய் சிலருக்கு மூட்டுக்குள்ளும் இறங்கும், கவனிக்காமல் விட்டால் மூட்டே சிதையும் என்றார். புதிய ஊசி மருந்துகளின் விலையைச் சொன்னபோது என் தோல் தானாகவே சுருங்கியது. கடைசியில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்தில் ஒரே ஒருநாள் மட்டும். மறதியாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த அட்டை இப்போது பீரோவில் அவளுடைய நகைகளுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிறது. சாவி எங்கே என்று எனக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற டியூப்களுக்கும், ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடிய பெயரில்லாப் பொடிகளுக்கும் வீட்டில் தடை வந்தது. ஈரல் கெடும் என்பதால் மாசக் கடைசி நண்பர் சந்திப்பும் போயிற்று.

"வேற ஏதாவது பார்த்துக்கணுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"எடையைக் குறைக்கணும். எடை குறைஞ்சா மருந்தே நல்லா வேலை செய்யும்."

அன்று ராத்திரி தட்டில் இரண்டு இட்லி. மூன்றாவதுக்குத் தட்டை நீட்டினேன். இட்லிப் பானையை மூடினாள். நான் முழங்கையை உயர்த்தினேன்.

"டென்ஷன் ஆகாதீங்க. உங்க உடம்புக்கு ஆகாது" என்றாள், மோரை ஊற்றிக்கொண்டே.