கழிக்கப்பட்ட ஒன்று: ஒரு பகா எண் குறித்த ஆய்வு முன்னுரை

இவ்வாய்வின் எல்லை ஒரே ஓர் எண். 2-ஐ 13,62,79,841 தடவை எழுதிப் பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்தால் அது கிடைக்கும். 2024 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவைச் சேர்ந்த லூக் டுரான்ட் அதைப் பகா எண் என்று கண்டார். முதன்மைச் சான்று அந்த எண்ணே. துணைமைச் சான்று தேடப்படவில்லை.

நிறம்: இல்லை.

நீளம்: 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஒன்றாக, சோறு தூக்கம் இல்லாமல் வாசித்தால் ஏறத்தாழ 475 நாள். முதல் இலக்கம் 8, கடைசி இலக்கம் 1. இடையிலுள்ளவை விரிவஞ்சி விடுக்கப்பட்டன.

யாப்பு: இரும முறையில் எழுதினால் 13,62,79,841 ஒன்றுகள் அணிவகுக்கும், சுழி ஒன்றுகூடக் கிடையாது. எதுகை, மோனை, இயைபு மூன்றும் ஓரிடத்திலும் தவறாத நெடும்பா இது. பொருள் மட்டும்தான் இல்லை. அது தற்காலப் பாவுக்குக் குறையன்று.

பரம்பரை: இத்தகைய எண் பகா எண்ணாக வேண்டுமானால் அதன் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான். 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் 2,047-ஓ, 23 × 89. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்பது கணிதத்தில் செல்லாது.

பயன்: 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், 2,14,74,83,647 என்ற இவ்வகைப் பகா எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணுக்கு (தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) மேல் இன்னொன்றை அநேகமாக யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எழுதினார். பயனில்லாததைத் தேடி எவரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. பல்கலைக்கழகங்களோடு அவருக்கு அவ்வளவு பழக்கம் இல்லை போலும்.

இனி மையச் சிக்கல். கழிப்பதற்கு முன் அந்த எண்ணில் 2-ஐத் தவிர வேறு பகாக் காரணி கிடையாது. பகா எண் என்ற தகுதிக்கு அதைவிடத் தொலைவில் நிற்க முடியாது. ஒன்றைக் கழித்ததும் உலகப் புகழ். கழிப்பதற்குப் பதில் கூட்டிப் பார்க்கலாமா? அடுக்கு ஒற்றைப்படை என்பதால் விடை 3-ஆல் வகுபட்டுவிடும். பின்னிணைப்புகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஆய்வேட்டாளர்கள் இவ்விடத்தை இரண்டு முறை வாசிக்கலாம்.

சரி, அந்த ஒன்று எங்கே போயிற்று? அழிந்தது என்பர் ஒரு சாரார். அழியவில்லை, பதவி விலகியது என்பர் மறு சாரார். மறு சாராரின் சான்று, இன்னும் எழுதப்படாத ஒரு நூலின் தொலைந்துபோன நான்காம் இயலில், செல்லரித்த பகுதியில் இருக்கிறது. அப்பகுதிக்கு உரை கண்டவர் மூலத்தைப் பார்த்ததில்லை. உரைக்கு விளக்கம் எழுதியவர் உரையைப் பார்த்ததில்லை. விளக்கத்தைத் திறனாய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அட்டையைப் பார்த்திருக்கிறார், அதுவும் நிழற்படத்தில். மூவரும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுவதால் கருத்து ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

இந்த ஆய்வாளன் மறு சாராரின் பக்கம். இவ்வகைப் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர்; அறியப்பட்டவற்றில் நம் எண் 52-ஆவது என்கிறார்கள். ஆனால் இதற்குக் கீழே உள்ள எல்லா அடுக்குகளையும் இன்னும் முழுமையாகச் சரிபார்த்து முடிக்கவில்லை. நடுவே ஒன்று ஒளிந்திருந்து அகப்பட்டால் இது 53-ஆவது ஆகிவிடும். விலகிய ஒன்று மறுபடி பதவி ஏற்க அங்கே இடம் காலியாக உள்ளது.