கடல் போனது, சால்னா வந்தது

அரியலூர் வட்டாரத்தில் ஓட்டல் தொழிலுக்கு முதல் அடி டைனோசர் காலத்திலேயே விழுந்துவிட்டது. அப்போது இங்கே கடல் இருந்தது. மீன், சிப்பி, சுருள் சுருளாக அம்மோனைட் என்று சரக்குக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரை ஓட்டல் போட இதைவிட நல்ல இடம் வாய்க்காது. சாப்பிட வேண்டிய மனிதன்தான் இன்னும் பிறக்கவில்லை. அவன் பிறந்து, பசித்து, இலை போடச் சொல்வதற்குள் கடல் கிழக்கே நகர்ந்துவிட்டது. சாத்தனூரில் ஒரு மரம் மட்டும் காத்திருந்து காத்திருந்து கல்லாகவே போனது. இன்றும் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது.

ஆனால் போகிற கடல், வீட்டைக் காலி செய்கிற வாடகைக்காரன் மாதிரி, சிப்பியையும் கிளிஞ்சலையும் அப்படியே போட்டுவிட்டுப் போனது. அது சுண்ணாம்புக்கல் ஆயிற்று. அதைத் தேடி அரசு சிமென்ட் ஆலை வந்தது. டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக் எல்லாம் வந்தன. ஆலைக்கு லாரி, லாரிக்கு டிரைவர், கிளீனர். இந்த இருவருக்கும் நள்ளிரவில்தான் பசிக்கும், புரோட்டாதான் இறங்கும். மீன் வறுவல் விற்றிருக்க வேண்டிய இடத்தில் சால்னா கொதிக்கிறது. ரோட்டுப் புழுதி விழாமல் குண்டானை மூடி வைத்தால் போதும்.

அடுத்த அடி தஞ்சாவூர்க்காரர்களுக்கு. கங்கை வரை படை அனுப்பி ஜெயித்த ராஜேந்திர சோழன், 1025 வாக்கில் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். அதிகாரி, கணக்கன், கைக்கோளப்படை, அத்தனை வயிறும் ஒரே மூச்சில் கொள்ளிடத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டன. தஞ்சையில் சோறு விற்றவர்கள் கதி என்ன ஆயிற்று என்று வருத்தப்படும் கல்வெட்டு எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டரை நூற்றாண்டு அந்த யோகம் நீடித்தது. பிறகு சோழர்களே இல்லாமல் போனார்கள். 1836-இல் வெள்ளைக்காரன் மிச்சமிருந்த கோயில் மதில் கல்லையும் பெயர்த்து எடுத்துக் கீழணை கட்டினான். கல் போனது கொடுமைதான். ஆனால் அத்தனை கல்லைச் சுமக்க எத்தனை கூலியாள்! கரையில் ஒரு கிழவி கூழ்ப்பானையோடு உட்கார்ந்திருப்பாள். என்ன பந்தயம் வேண்டுமானாலும் கட்டுகிறேன்.

1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், ரங்கூன் அரிசி நின்றது. அரிசி இல்லையென்றால் இட்லி இல்லை. இட்லி இல்லாத ஓட்டல் என்பது நாலு பெஞ்சும் ஒரு சாமி படமும்தான். பெங்களூரில் 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். ஓட்டல்காரர்கள் கல்லாவில் உட்கார்ந்து அழவில்லை. ரவையைத் தயிரில் கலந்து, கடுகு தாளித்து, நெற்றியில் ஒரு முந்திரியைப் பதித்து, இட்லித் தட்டில் ஊற்றிவிட்டார்கள். ரவா இட்லி பிறந்த கதையாக அவர்கள் சொல்வது இதுதான். உப்புமாவாக வந்தபோது முகம் சுளித்த அதே ஜனம், அதே ரவையை இட்லியாகப் பார்த்ததும் இன்னொரு பிளேட் கேட்டது. பர்மாவில் சண்டை போட்ட எந்தத் தளபதிக்கும் இவ்வளவு பெரிய வெற்றி கிடைக்கவில்லை.

எமர்ஜென்சியில் அதே ஓட்டலுக்கு வேறு ரூபத்தில் சோதனை. இன்ன பலகாரத்துக்கு இன்ன விலைதான் என்று அரசாங்கம் கட்டளை போட்டது. அந்த விலைக்கு அந்த நெய் கட்டுப்படியாகாது. ஓட்டலை மூடினார்கள். ஆனால் மாஸ்டர்களை வீட்டுக்கு அனுப்பாமல் மாவு, மசாலா எல்லாவற்றையும் பொட்டலம் போட்டு விற்றார்கள். ஓட்டலை மூடவைத்த ஆட்சி 1977-இல் போய்விட்டது. பொட்டல வியாபாரம் பெருத்து, 2007-இல் நார்வேயின் ஆர்க்லா கம்பெனி அதை விலைக்கு வாங்கியது.

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. அரியலூர் கடைக்காரர்களைக் கேட்டால் ஜப்பான்காரனே தேவலை என்பார்கள். 1995-இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் வந்தது, அரியலூர் அதில் அடக்கம். 2001 ஜனவரி 1-ஆம் தேதி, கருணாநிதி ஆட்சியில், அரியலூர் தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் வந்தால் டவாலி வருவார், கிளார்க் வருவார், எல்லாரையும்விட முக்கியமாக மனுக்காரர் வருவார். திங்கட்கிழமை மனுக்காரரைப் போல நம்பகமான வாடிக்கையாளர் பூமியில் கிடையாது. காலையில் வந்து சாயங்காலம் வரை காத்திருப்பார். வேலை முடியாது. அடுத்த திங்களும் வருவார்.

பதினைந்தே மாதம். 2002 மார்ச் 31-ஆம் தேதி ஜெயலலிதா ஆட்சி மாவட்டத்தைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டது. மனுக்காரர்கள் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சாப்பிட்டார்கள். அந்த நிலைமையில் மதியச் சாப்பாட்டைப் பெரம்பலூருக்குத் தாரை வார்த்துவிட்டு, விடியுமுன் அடுப்பைப் பற்றவைப்பதுதான் அரியலூரில் பிழைக்கிற வழியாக இருந்தது. முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவனுக்கு நாலு இட்லி வேண்டியிருந்தது. சாயங்காலம் வெறுங்கையோடு இறங்குகிறவனுக்குக் கோபத்தில் ஆறு தோசை வேண்டியிருந்தது. 2007 நவம்பர் 23-ஆம் தேதி, மறுபடி கருணாநிதி, மறுபடி தனி மாவட்டம். அரியலூரில் வடை உப்பியது, பெரம்பலூரில் முகம் சுருங்கியது.

பெரம்பலூருக்கு அதோடு விட்டதா? சென்னை–திருச்சி சாலையை நாலு வழியாக்கியதும் தொலைதூர பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே பறக்கத் தொடங்கின. அவற்றுக்குத் தெரிந்த சாப்பாடு நெடுஞ்சாலை மோட்டல்தான். அங்கே டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இலவசம். அந்தக் காசு யார் தட்டில் ஏறுகிறது என்பதை ஒரு தோசை வாங்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள். அப்படி ஒருமுறை அறிந்தவர், அடுத்த தடவை சொந்தக் காரில் வரும்போது நான்கு ரோட்டில் வண்டியைத் திருப்பி, “அண்ணே, டவுனுக்குள்ள நல்ல மெஸ் எங்க இருக்கு?” என்கிறார். உள்ளே சின்ன வெங்காய சாம்பார் காத்திருக்கிறது, ஊரில் விளைந்த வெங்காயம். டவுன் மெஸ் முதலாளிகள் அந்த மோட்டல்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டார்கள். சம்பளம் வாங்காமல் விளம்பரம் செய்கிறவனை யாராவது திட்டுவார்களா?